குண்டூசிகள் சிதறிய வெள்ளிக்கிழமை

பக்கத்து அறையிலிருந்து அந்தச் சத்தம் மறுபடியும் வந்தது.

“ஹ... ஹஹ்... ஹ.”

பேட்டரி தீர்ந்துபோன காரை யாரோ விடாமல் திருகிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. கொஞ்ச நேரம் அமைதி. தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு மறுபடியும் “ஹஹ்... ஹ...” பாதியில் அது அறுந்து விழுந்தது.

உடையறையில் நீதிபதியின் கறுப்பு அங்கிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வெல்டா ஸ்ட்ரவுட் கையை நிறுத்தினாள். நடுவில் இருந்த சுவர் வெறும் ஒட்டுப்பலகை. அதற்கு அந்தப் பக்கம் லாயிட் ஹார்க்னஸின் ஒப்பனை அறை. அங்கே ஒரு மனிதர் கண்ணாடி முன்னால் தனியாக உட்கார்ந்து சிரிக்கப் பார்க்கிறார்; சிரிப்பு வரவில்லை. இஸ்திரிப் பெட்டியின் ஆவி எழுந்து வெல்டாவின் கன்னத்தை நனைத்தது. நனைத்தது ஆவி மட்டும்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

லாஸ் ஏஞ்சலஸில் நாங்கள் எல்லோரும் அந்த ஒரு நிகழ்ச்சியை நம்பித்தான் பிழைத்துக்கொண்டிருந்தோம். நான் வாத்தியக் குழுவில் கடைசி வரிசை வயலின். சனிக்கிழமை மாலையானால் நாடு முழுக்க வரவேற்பறைகளில் ஒரே முகம்தான் தெரியும்: டாட்டி ரெயின்ஸ். கொக்குக் கால், அகன்ற வாய், கண்ணில் எப்போதும் ஒரு திருட்டுத்தனம். ஒரு மணி நேரத்துக்குள் அவள் வேலைக்காரியாவாள், மகாராணியாவாள், பல் பிடுங்கும் டாக்டராவாள். நடுவில் விருந்தாளியாக வந்த பாடகரோடு ஜோடிப் பாட்டு வேறு. பாடகர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் சரி, பாடிவிட்டுப் போய்விட முடியாது. ஏதாவது ஒரு நகைச்சுவைக் காட்சியில் வேஷம் கட்டி அடி வாங்கிவிட்டுத்தான் போகவேண்டும். அது எங்கள் வழக்கம்.

டாட்டிக்கு எதிரில் எப்போதும் லாயிட் நிற்பார். அவருடைய வேலை சிரிக்காமல் இருப்பது. டாட்டி தலையில் கேக்கைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே வருவாள். லாயிட் ஏறிட்டுப் பார்த்து, வெளியே மழையா என்று கேட்பார். அந்த முகம் அசையாததால்தான் பார்ப்பவர்களுக்கு வயிறு வலித்தது. நாங்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வோம். ஜனங்கள் அவருக்குக் கல்முகம் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கேமரா அணைந்ததும் அந்தக் கல் உடைந்துவிடும். மூன்றாவது வரிசை ஓரத்தில் அவர் மனைவி அர்லீன் உட்கார்ந்திருப்பாள். பதிவு நடக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றுகூடத் தவறாமல் வருவாள். கழுத்தில் கட்டிய பட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பாள். காட்சி முடிந்த நொடியில் லாயிட் அவளைப் பார்ப்பார். அடக்கி வைத்ததெல்லாம் அப்போது வெடிக்கும். கூரை விளக்குகள் அதிரச் சிரிப்பார்.

அந்த வசந்தத்தில் அர்லீன் இறந்துபோனாள். லாயிட் ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். வசனம் தப்பவில்லை, முகம் அசையவில்லை. கேமரா அணைந்த பிறகும் அசையவில்லை. அதுதான் எங்களைப் பயமுறுத்தியது.

இந்த நேரத்தில்தான் தயாரிப்பாளர் சால் வைன்ட்ராப் நீதிமன்றக் காட்சியை எழுதினார். டாட்டி கோழி திருடியவள். லாயிட் நீதிபதி. சாட்சியாக வருபவர் அந்த வார விருந்தாளி, ஒபரா பாடகி இர்மா கோவாச்; எந்தக் கேள்விக்கும் பாட்டாகத்தான் பதில் சொல்வார். கடைசியில் கல்முக நீதிபதி தாங்க முடியாமல் உடைந்து, நாற்காலியிலிருந்து விழுந்து சிரிக்கவேண்டும். நாடு இத்தனை வருடமாகக் காத்திருந்த சிரிப்பு அது. சால் நல்ல மனதோடுதான் எழுதினார். ஒருமுறை சிரித்துவிட்டால் நண்பனின் பாரம் இறங்கிவிடும் என்று நம்பினார்.

ஒத்திகையில் லாயிடுக்குச் சிரிப்பே வரவில்லை. ஒவ்வொரு முறையும் அந்தக் கார் எஞ்சின்தான்.

வியாழக்கிழமை சாயங்காலம் சால் அவரிடம் பேசியதை ஒட்டுப்பலகைக்கு இந்தப் பக்கம் வெல்டா முழுக்கக் கேட்டாள். இருவரும் இளவயதில் ரேடியோவில் ஒன்றாகப் பட்டினி கிடந்தவர்கள்.

“டேய் லாயிடு, நாளைக்கு முதல் பதிவு வரைக்கும் பாப்பேன். வரலேன்னா அந்த அங்கிய நம்ம குழுவுல இருக்கற சின்னப் பையன் பட்டிக்குக் குடுத்துடுவேன். எனக்கு வேற வழியில்லடா.”

“குடுத்துடு,” என்றார் லாயிட். “அப்பறம் நானும் வீட்டுக்குப் போயிடறேன். சிரிப்புன்னா என்னன்னே மறந்துபோனவன் இங்க நின்னுகிட்டு என்னடா பண்றது?”

சால் ஏதோ கெஞ்சினார். கதவு திறந்து மூடியது.

வெல்டாவைப் பற்றி இங்கே சொல்லியாகவேண்டும். அவள் தாய் தகப்பன் ஓக்லஹோமாவில் வருடக்கணக்கான வறட்சியில் நிலம் புழுதியாகப் பறந்துபோனதும் ஒரு பழைய லாரியில் கலிஃபோர்னியாவுக்கு வந்தவர்கள். பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்துப் பருத்திக் காட்டில் வளர்ந்த வெல்டா, நகரத்துக்கு ஓடிவந்து நீச்சலுடை தைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கட்டிய புருஷன் அலாஸ்காவுக்கு வேலை தேடிப் போனான். வேலை கிடைத்ததா என்று இன்றுவரை தகவல் இல்லை. பிறகு இந்த ஸ்டூடியோ. மேடைக்குப் பின்னால் இருட்டில், ஒரு நடனம் முடிவதற்குள் மகாராணியை உரித்து வேலைக்காரியாக்கி வெளியே தள்ளவேண்டும். அதுதான் அவள் தொழில்.

அதற்குக் கை இரண்டும் போதாது என்பதால் வாயும் வேலை செய்யும். உதடுகளுக்கிடையே குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு நிற்பாள். பேச முடியாது. ஒரு ‘ம்’ என்றால் கையைத் தூக்கு. இரண்டு ‘ம்’ என்றால் திரும்பு. நீட்டி ஒரு ‘ம்ம்ம்’ வந்தால் கதை முடிந்தது, ஓடு. டாட்டி முதல் நடனக்காரர்கள் வரை எல்லோருக்கும் அந்த பாஷை தெரியும். டாட்டி அவளைச் சீண்டுவாள்: “ஏய் வெல்டா, நீ மட்டும் வாயத் தொறந்தேன்னா என் ரகசியமெல்லாம் ஊருக்கே தெரிஞ்சிரும். ஊசி அப்படியே இருக்கட்டும், தாயே.”

வாயில் ஊசி வைத்திருப்பவள் சிரிக்கக்கூடாது. சிரித்தால் ஊசி தொண்டைக்குள் போய்விடும். வேலையில் சேர்ந்த முதல் நாளே ஒரு பழைய தையல்காரி இதைச் சொல்லிப் பயமுறுத்தியிருந்தாள். அதனால் வெல்டா சிரிப்பை மூக்குக்குள்ளேயே கொன்றுவிடப் பழகிக்கொண்டாள். நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. நாட்டையே உருட்டிப் புரட்டிய அத்தனை சிரிப்புக்கும் கைநீளத் தூரத்தில், இருட்டில், வருடக்கணக்காக நின்றவள், அங்கே ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

எங்கள் நிகழ்ச்சியை வெள்ளிக்கிழமையில் இரண்டு தடவை பதிவு செய்வார்கள். சாயங்காலம் ஒரு கூட்டம், இருட்டிய பிறகு இன்னொரு கூட்டம். இரண்டிலும் நன்றாக வந்ததை வெட்டி ஒட்டிச் சனிக்கிழமைக்கு அனுப்புவார்கள். ஜனங்கள் முன்னால் ஆரம்பித்த காட்சியை நடுவில் நிறுத்துவதில்லை. விக் கழன்று விழுந்தாலும் சரி, கதவு திறக்காவிட்டாலும் சரி, சமாளித்துக்கொண்டு போகவேண்டும். மேடை தீப்பிடித்தால் மட்டும் நிறுத்தலாம் என்று சால் சொல்வார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலப் பதிவில் இர்மா கோவாச் பாடினார். நல்ல ஆகிருதி, வெண்கலக் குரல். அவர் முதல் வரியை எடுத்ததும் கூட்டத்தில் இருமிக்கொண்டிருந்தவன்கூட இருமலை விழுங்கிக்கொண்டான். வாசித்துக்கொண்டிருந்த எனக்கே முழங்கையிலிருந்து மயிர் கூச்செறிந்தது. பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்வதற்குள் அவர் பின்னால் வந்து சாட்சி வேஷத்துக்கு மாறவேண்டும். அதே இடத்தில், அதே நேரத்தில், முந்தைய காட்சியில் குழாய் ரிப்பேர்க்காரனாக வந்த லாயிட் நீதிபதியாக மாறவேண்டும்.

பாடகியை உடுத்திவிட அவருடைய சொந்தப் பணிப்பெண் வந்திருந்தாள். ஒபராவில் இருட்டில் ஓடி உடை மாற்றும் பழக்கம் அவளுக்கு இல்லை. கைவிளக்கு வெளிச்சத்தில் நடுங்கிக்கொண்டு நின்றாள். வெல்டா இரண்டு ‘ம்’ சொல்லி அவளை ஓரமாகத் தள்ளிவிட்டு, இரண்டு பேரையும் முதுகோடு முதுகாக நிறுத்தினாள். நடுவில் தான் நுழைந்துகொண்டாள். ஒரு கை பாடகியின் முதுகுக் கொக்கிகளில், மறு கை நீதிபதி அங்கியின் பின்புற வளையங்களில்.

அப்போது இருட்டில் லாயிட் மெதுவாகச் சொன்னார்:

“வெல்டா. வரமாட்டேங்குதும்மா.”

அவ்வளவுதான் சொன்னார். புகார்போலக்கூட இல்லை. கடிதம் வந்ததா என்று கேட்டால் இல்லை என்பதுபோலச் சொன்னார். வெல்டாவுக்கு ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. வாய் நிறைய ஊசி. எந்த ‘ம்’ இதற்குப் பொருந்தும்? கண் நிறைந்து இருட்டு இன்னும் இருட்டானது. விரல்கள் தானாக வேலை செய்து முடித்தன. நீட்டி ‘ம்ம்ம்’ என்றாள். இருவரும் விளக்குக்குள் நடந்தார்கள்.

லாயிட் வலப்பக்கம் நீதிபதி மேடைக்குப் போகவேண்டும். பாடகி இடப்பக்கம் சாட்சிக் கூண்டுக்கு. இருவரும் கிளம்பினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பின்னால் இழுக்கப்பட்டார்கள்.

பாடகியின் கொக்கிகள் நீதிபதியின் வளையங்களில் மாட்டியிருந்தன.

கூட்டம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது. பிறகு சிரிப்பு கிளம்பியது. திரைக்குப் பின்னால் வெல்டா தன் விரல்களையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒரு பட்டன் மாறியதில்லை. மாறியது இன்றா? இந்த மனுஷனுக்கா?

லாயிட் முகம் அசையவில்லை. நீதிபதியின் மரச் சுத்தியலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கம்பீரமாக அறிவித்தார்:

“சாட்சி எங்கயும் ஓடிடாம இருக்க, இந்தக் கோர்ட்டு சொந்தப் பொறுப்புல ஏற்பாடு பண்ணியிருக்கு.”

கூட்டம் இருக்கையிலிருந்து சரிந்தது. டாட்டி கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். தோள் மட்டும் குலுங்கியது. ஆனால் இர்மா கோவாச் பெரிய மேடைகளைக் கண்டவர். கூண்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், போகத்தான் வேண்டும். உச்ச ஸ்தாயியில் சத்தியப் பிரமாணம் பாடிக்கொண்டே நடந்தார். நீதிபதி ஒல்லியான மனிதர். குதிகால்கள் தரையில் தேய, சுத்தியலை நெஞ்சோடு அணைத்தபடி, சிலைபோன்ற முகத்தோடு பின்னோக்கிப் போனார். கப்பல் ஒன்று ஒரு பாய்மரப் படகைத் துறைமுகத்திலிருந்து இழுத்துப்போவதுபோல இருந்தது.

அந்த முகத்தை வெல்டா திரை ஓரத்திலிருந்து பார்த்தாள். இழுபட்டுப் போகும் அந்த முகம் நேராக அவளையே பார்த்துக்கொண்டு போனது. அதில் கோபம் இல்லை. ‘ஏன்?’ என்று ஒரு மரியாதையான கேள்வி மட்டும் இருந்தது.

வருடக்கணக்காக மூக்குக்குள் கொன்று புதைத்ததெல்லாம் அந்த ஒரு கணத்தில் எழுந்து வந்தது. வெல்டா ஊசிகளைத் துப்பினாள். அவை மழைபோலத் தரையில் சிதறின. அவள் சிரித்தாள்.

அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் யாரும் கேட்டதில்லை. வாத்து கத்துவதுபோல் ஆரம்பித்து, துருப்பிடித்த கீல்போல் கிறீச்சிட்டு, மூச்சை உள்ளே இழுக்கும்போது இன்னும் சத்தமாக வந்தது. வயலின்காரர்கள் நாங்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தோம்.

லாயிட் கேட்டார். அது என்ன சத்தம் என்று அவருக்குப் புரியவில்லை. திரை ஓரம் பார்த்தார். மடங்கி உட்கார்ந்து, தரையைக் கையால் அடித்துக்கொண்டு, எந்நாளும் வாய் திறக்காத வெல்டா கிறீச்சிட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் உதடு ஓரம் துடித்தது. ஒருமுறை அடக்கினார். இரண்டாம் முறை முடியவில்லை. கல் உடைந்தது. வயிற்றின் அடியிலிருந்து, பழைய சிரிப்பு, கூரை விளக்குகளை அதிரவைக்கும் அதே சிரிப்பு, வந்தது, வந்துகொண்டே இருந்தது. சிரித்தபடியே பழக்கத்தில் மூன்றாவது வரிசை ஓரத்தைப் பார்த்தார். அது அர்லீனின் இடம். அங்கே யாரோ ஒரு குண்டு மனிதர் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, கழுத்து டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். லாயிட் அவரைப் பார்த்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒரே தொண்டையில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளியே வந்ததை அன்றுதான் பார்த்தேன். கூட்டத்துக்கு அது சிரிப்பாக மட்டுமே தெரிந்தது. டாட்டிக்குத் தெரிந்தது. கோழியைக் கீழே வைத்துவிட்டு வந்து, வசனத்தை மறந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பாடகியும் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பு ஆரோகண வரிசையிலேயே ஏறியது. கேமராக்காரன் உடம்பு குலுங்கியதில் படமே ஆடியது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை.

முடிந்ததும் சால் பின்னால் ஓடிவந்தார். வெல்டா தரையில் ஊசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தாள்.

“யாரு கொக்கிய மாட்டினது?”

“நாந்தான் சார். கவனிக்கல.”

“நீ கவனிக்கவே வேணாம். அடுத்த பதிவுலயும் அதையே மாட்டு.”

மாட்டினாள். அடுத்த பதிவில் எல்லாம் அதே இடத்தில், அதே கணக்கில் நடந்தது. நீதிபதி இழுபட்டார், பாடகி பாடினார், ஜனங்கள் சிரித்தார்கள். லாயிட்கூட நன்றாகவே சிரித்தார். இப்போது எஞ்சின் கிளம்பிவிட்டிருந்தது. ஆனால் எங்களில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. சால் இருட்டில் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, முதல் பதிவையே அனுப்பச் சொன்னார். ஒரு தடவை வந்தது அந்த ஒரு தடவைக்குத்தான் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. இர்மா கோவாச் கிளம்பும்போது, எந்த ஒபராவிலும் எந்தக் காதலனும் தன்னை இவ்வளவு உறுதியாகப் பின்தொடர்ந்ததில்லை என்று சொல்லி லாயிடின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

திரைக்குப் பின்னால் நடந்ததைப் போலவே, மற்றதையும் வெல்டா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒளிபரப்பான சனிக்கிழமை, அவள் குடியிருப்புக் கதவை யாரோ தட்டினார்கள். லாயிட் தொப்பியும் கையுமாக நின்றார். இன்னொரு கையில் எலுமிச்சை வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்று, பேக்கரி அட்டைப் பெட்டியில்.

“வீட்டுல ரெண்டு நாற்காலி இருக்கு,” என்றார். “ஒண்ணு காலியா இருக்கறப்ப டிவி பாக்க முடியல. உள்ள வரலாமா?”

வெல்டா வழிவிட்டாள். சோபாவில் கிடந்த துணிகளை அள்ளி உள்ளே எறிந்தாள். அடுப்பில் மீனும் நூடுல்ஸும் பாலாடைக்கட்டியும் கலந்து வெந்துகொண்டிருந்தது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தார்கள். நீதிமன்றக் காட்சி வந்ததும் வெல்டா தட்டைக் கீழே வைத்தாள்.

கப்பல் படகை இழுத்துப்போனது. கூட்டத்தின் சிரிப்பு அலையாக எழுந்தது. பிறகு அந்த அலைக்கு மேல், தெளிவாக, யார் காதுக்கும் தப்பாமல், ஒரு வாத்து கத்தியது.

வெல்டா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“ஐயோ. இதுவா? இப்படியா நான் சிரிக்கறேன்?”

“சவுண்டுக்காரங்க ஏதோ கதவு கிறீச்சிடுதுன்னு நெனச்சுட்டாங்க,” என்றார் லாயிட். “அழிக்கப் போனாங்க. அதைத் தொட்டீங்கன்னா நான் இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

திரையில் அந்த லாயிட் உடைந்து சிரித்துக்கொண்டிருந்தார். இந்த லாயிட் அவரை ஊர் பேர் தெரியாத ஒருவரைப் பார்ப்பதுபோல வாய் திறந்து பார்த்தார்.

“அந்த மூணாவது வரிசைல யாரு உக்காந்தாலும் எனக்குக் கோவம் வரும், வெல்டா. வாராவாரம். அன்னிக்கு அந்த ஆளு டையால கண்ணத் தொடச்சான் பாரு. அர்லீன் இப்படித்தான் தொடைப்பா.” திரையை விட்டு அவள் பக்கம் திரும்பினார். “சரி, உண்மையச் சொல்லு. அந்தக் கொக்கிய வேணும்னேதானே மாட்டின?”

ஆமாம் என்று சொன்னால் அவர் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்வார் என்று வெல்டாவுக்குத் தெரிந்தது. அந்த ஆசை நாக்கு நுனி வரை வந்தது.

“இல்ல சார். தப்பு. நீங்க வரமாட்டேங்குதுன்னு சொன்னீங்க. கண்ணு தெரியல.”

லாயிட் மடியிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு தலையாட்டினார்.

“நல்லது. வேணும்னே பண்ணியிருந்தா, நீ அப்படிச் சிரிச்சிருக்கமாட்ட. நீ சிரிக்கலேன்னா...” எழுந்து தொப்பியை எடுத்தார். “சால்கிட்ட அடுத்த வருஷத்துக்கும் சரின்னு சொல்லிட்டேன். திங்கக்கெழம அளவு எடுக்க வரணும்ல?”

“பத்து மணிக்கு சார். வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நிக்காதீங்க, எனக்குத் தெரியும்.”

அவர் கதவருகே நின்று திரும்பினார்.

“வாயில ஊசி இல்லாம நீ பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன்.”

“எப்படியிருக்கு?”

“சுமார். சிரிப்பே தேவல.”

வெல்டா வாயைப் பொத்தினாள், முடியவில்லை. வாத்து மறுபடியும் கத்தியது. லாயிட் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தொப்பி நழுவி விழ, கூரை அதிரச் சிரித்தார். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் தொப்பியைக் குனிந்து எடுத்து அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே படியிறங்கினார்.

அந்தச் சத்தம் தெருவுக்குப் போகும்வரை வெல்டா நின்று கேட்டாள். பிறகு கதவைச் சாத்தினாள்.